சூப்பர்சார்ஜர் போட்ட பிறகு உருகிப்போன கன்வெர்ட்டர்: பட்டறைக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
நிர்வாக மேலாளர்,
சூப்பர்சார்ஜர் பொருத்தும் பிரிவு,
ஈப்போ, பேராக்.

ஐயா,

விஷயம்: குறையான வேலையால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பழுதானது, இழப்பீடு கோருதல்

வணக்கம். என்னுடைய 1.6 லிட்டர் புரோட்டோன் காருக்கு உங்கள் பட்டறையில் 11,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் போட்டேன். அந்தக் காரின் புகையைச் சுத்தமாக்கும் கன்வெர்ட்டர் இப்போது உள்ளே உருகி அடைத்துக் கிடக்கிறது. "காடி பழசு அண்ணே, கன்வெர்ட்டர் அதுவா போயிருச்சு" என்று உங்கள் சர்வீஸ் பிரிவு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதிலை நான் ஏற்கவில்லை. உங்கள் ஆட்கள் செய்யாமல் விட்ட ஒரு சின்ன வேலைதான் அதைக் கெடுத்தது. எப்படி என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

வேலை முடிந்து காரை எடுத்து வந்தபோது குறை சொல்ல ஒன்றுமில்லை. தோட்டத்துச் சாலையிலும் கோலகங்சார் போகும் பழைய சாலையிலும் நன்றாகவே ஓடியது. முதல் கோளாறு தைப்பூசத்தின்போது வந்தது. ஈப்போவில் அண்ணன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பினாங்கு தண்ணீர்மலைக்குப் புறப்பட்டோம். ஜெலாப்பாங் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில், ஆக்சிலேட்டரை அழுத்தியதும் என்ஜின் திக்கியது. மீட்டரில் என்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னியது. மேடு முடிந்ததும் மின்னுவது நின்றுவிட்டது. சுங்கை பேராக் ஓய்விடத்தில் நிறுத்தியபோது அழுகிய முட்டை நாற்றம். அண்ணி செருப்பைக் கழற்றி வைத்திருந்த இடத்தில் தரைவிரிப்பு சுட்டது. குனிந்து பார்த்தேன். இருட்டில், காருக்கு அடியில் கன்வெர்ட்டரின் கூடு மங்கலான சிவப்பாகத் தெரிந்தது. காய்ந்த செம்பனை மட்டைமேல் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மின்னும் விளக்கும் நின்று எரியும் விளக்கும் ஒன்றல்ல என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மின்னினால், கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபையர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் போவது, நடக்கிறது என்று பொருள். திரும்பி வந்ததும் காரை உங்களிடம் கொண்டுவந்தேன். காரின் கணினியில் இருந்த கோளாறு எண் பி0300, அதாவது பல சிலிண்டர்களில் மிஸ்ஃபையர். உங்கள் ஃபோர்மன் காரைக் கொட்டகையில் நிறுத்தியபடியே கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தார், பட்டறையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டினார், "ஒண்ணும் இல்ல, சென்சார் கோளாறுதான்" என்று அந்த எண்ணை அழித்துக் கொடுத்தார். சில வாரங்களில் விளக்கு மறுபடியும் வந்தது. இம்முறை மின்னவில்லை, நின்று எரிந்தது. கோளாறு எண் பி0420: கன்வெர்ட்டரின் திறன் குறைவு.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் மிஸ்ஃபையர், பிறகுதான் கன்வெர்ட்டர். வயதாகிக் கெட்டதாக இருந்தால் பி0420 மட்டும் சத்தமில்லாமல் வந்திருக்கும்.

அதன்பின் காரை எங்கள் ஊரிலேயே ஒரு பழைய ஃபோர்மனிடம் விட்டேன். அவர் எடுத்த எடுப்பில் கன்வெர்ட்டரைத் தொடவில்லை. புகைக்குழாயில் எங்காவது கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய் ஆக்ஸிஜன் சென்சாரை ஏமாற்றும், அதனாலும் பி0420 வரலாம் என்று முதலில் இணைப்புகளை எல்லாம் பார்த்தார். கசிவு இல்லை. கம்ப்ரஷன் பார்த்தார், நான்கு சிலிண்டரும் சமம். காற்று உள்ளே போகும் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, நீலப் புகையும் இல்லை. ஆகவே என்ஜின் எண்ணெய் எரிந்து கன்வெர்ட்டரில் படிந்தது என்ற பேச்சுக்கும் இடமில்லை.

பிறகு தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றினார். என் புகாரின் மையம் இதுதான். உங்கள் ரேசிட்டில் "ஒரு படி குளிர்ந்த பிளக், 4" என்று எழுதிக் காசும் வாங்கியிருக்கிறீர்கள். குளிர்ந்த பிளக் என்றால் சூட்டை விரைவாக வெளியேற்றுவது. என்ஜினிலிருந்து வெளியே வந்தவை பழைய பிளக்குகள். உடலில் அச்சடித்த வெப்ப எண் 6. ரேசிட்டில் இருப்பது 7, ஒரு படி குளிர்ந்தது. ஃபீலர் கேஜ் வைத்தால் இடைவெளி 1.1 மில்லிமீட்டர். பூஸ்ட், அதாவது சூப்பர்சார்ஜர் தரும் காற்றழுத்தம், இல்லாத காருக்கு அது சரி. காற்றை அழுத்தித் திணிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், தீப்பொறி அந்த இடைவெளியைத் தாண்டுவது கடினமாகும். அதனால்தான் சூப்பர்சார்ஜர் போட்டால் இடைவெளியை 0.7, 0.8 என்று குறைக்கிறார்கள். உங்கள் ஆட்கள் அதைச் செய்யவில்லை. ஏற்றத்தில் முழு பூஸ்ட் வரும்போது மட்டும் தீப்பொறி அணைந்தது. கொட்டகையில் நிறுத்தி ஓடவிட்டால் பூஸ்டே வராது, அப்புறம் கோளாறு எப்படித் தெரியும்?

இதைச் சொன்னபோது உங்கள் டியூனர் தொலைபேசியில் இன்னொரு விளக்கம் கொடுத்தார்: "பூஸ்ட்ல பெட்ரோல கூடுதலாத்தான் ஊத்த வச்சிருக்கோம், அதனால சூடேறாது." பாதி உண்மை. சாதாரணமாக ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. பூஸ்டில் 12-க்குப் பக்கமாக இறக்கினால் சிலிண்டருக்குள் சூடு குறையும் என்பது சரிதான். ஆனால் அது பெட்ரோல் பற்றிக்கொண்டால்தான். பற்றாமல் போனால் எரியாத பெட்ரோலும் அதற்கு வேண்டிய ஆக்ஸிஜனும் சேர்ந்தே கன்வெர்ட்டருக்குள் போகும். அங்கே எரிவதைத் தூண்டும் பிளாட்டினமும் பல்லேடியமும் காத்திருக்கின்றன, சூடும் இருக்கிறது. சிலிண்டரில் எரிய வேண்டியது அங்கே எரியும். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாக எரியும். செம்பனை ஆலையில் பாய்லர் பகுதியில் வேலை செய்பவன் நான். செம்பனை நாரும் கொட்டையின் ஓடும் அடுப்பில் எரியாமல் புகைபோக்கியில் போய் எரிந்தால், "புகைபோக்கி பழசு" என்று எங்கள் என்ஜினியரிடம் சொல்லிப் பார்க்க எனக்குத் தைரியம் வராது.

புது பிளக் போட்டு, இடைவெளியை 0.7 வைத்து, ஸ்கேனரை மாட்டிக்கொண்டு அதே மெனோரா மேட்டில் ஓட்டினோம். மிஸ்ஃபையர் எண்ணிக்கை ஏறவே இல்லை. ஆனால் காரில் இழுவையும் இல்லை, ஏனென்றால் அதற்குள் கன்வெர்ட்டர் அடைத்துவிட்டது. கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் அழுத்த மீட்டரை மாட்டினார் ஃபோர்மன். 2,500 சுற்றில் 3 பிஎஸ்ஐ-க்குள் இருக்க வேண்டியது 6-ஐத் தொட்டது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சாரின் வோல்ட் ஒரே இடத்தில் நிற்பதற்குப் பதிலாக முன் சென்சாரைப் போலவே 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் ஆடியது. கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை, வழியும் விடவில்லை.

ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். பி0420 வந்த பிறகு நான் இரண்டாம் முறை உங்களிடம் வந்தபோது பூஸ்ட் மீட்டர் 6 பிஎஸ்ஐ-யிலிருந்து 8-க்கு ஏறியிருந்தது. உங்கள் ஊழியர் அதைக் காட்டி, "பாருங்க அண்ணே, பவர் கூடியிருக்கு" என்றார். நீங்கள் போட்டது ரூட்ஸ் வகை. பெல்ட் சுற்றும் அளவுக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று வெளியே போக வழியில்லாவிட்டால் மீட்டரில் எண் ஏறத்தான் செய்யும். அந்த 2 பிஎஸ்ஐ என் கார் மூச்சு முட்டியதற்கான அடையாளம். சூப்பர்சார்ஜர் விற்றுப் பிழைக்கும் பட்டறைக்கு இது தெரியவில்லை என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வருத்தம்.

கன்வெர்ட்டரைக் கழற்றியதும் சந்தேகம் முழுக்கத் தீர்ந்தது. ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் தேன்கூடு போன்ற பீங்கான் கண்கள் நடுப்பகுதியில் ஒன்றோடொன்று உருகிக் கண்ணாடிபோல் பளபளக்கின்றன. ஓரத்துக் கண்கள் அப்படியே இருக்கின்றன. அந்தப் பீங்கான் உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். வயதானால் உள்பூச்சு வீரியம் இழக்கும், அவ்வளவுதான். மட்டமான பெட்ரோல் என்ற காரணமும் எடுபடாது. நீங்கள் சொன்னபடி ரோன் 97 (ஆக்டேன் எண் 97) மட்டும்தான் ஊற்றினேன், ரேசிட்டுகள் இருக்கின்றன. ஆக்டேன் குறைந்தால் என்ஜின் தட்டும், பிளக்கின் இடைவெளி விரியாது.

கடைசியாக நீங்கள் சொன்ன யோசனை: கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேர் பைப் போடலாம், 450 வெள்ளி, "சத்தமும் நல்லா இருக்கும்". வேண்டாம். எங்கள் வீடு லயத்து வரிசையில் இருக்கிறது. அதிகாலை ஷிப்டுக்குக் காரை முடுக்கும்போது பக்கத்து வீட்டுச் சன்னலுக்கும் புகைக்குழாய்க்கும் ஓர் ஆள் தூரம்கூட இல்லை. உங்கள் தவற்றை மறைப்பதற்கு அந்த வீட்டுப் பிள்ளைகள் புகை குடிக்க வேண்டியதில்லை.

நான் கேட்பது இவை. புதிய கன்வெர்ட்டருக்கு 2,350 வெள்ளி விலை கேட்டு எழுத்தில் வாங்கியிருக்கிறேன். அதையும், பிளக்குக்கும் சோதனைக்கும் நான் கொடுத்த 380 வெள்ளியையும் நீங்கள் கட்ட வேண்டும். புதியது பொருத்துவதற்கு முன்பே டைனோவில் (காரை உருளைமேல் ஓட்டிச் சோதிக்கும் இயந்திரம்) ஏற்றி, புகையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் மாட்டி, முழு பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதத்தையும் மிஸ்ஃபையரையும் சோதித்து அச்சிட்ட அறிக்கை தர வேண்டும். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். டியூனிங்கில் இன்னும் ஏதாவது குறை இருந்தால் புதிய கன்வெர்ட்டரும் இதே கதிக்குத்தான் ஆளாகும். போடாத பிளக்குக்கு ஏன் காசு வாங்கினீர்கள் என்பதற்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் பதில் வராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்பேன். சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அங்கே 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. பேச வேண்டியதை அந்தப் பழைய பிளக்குகளே பேசும்.

உங்கள் ரேசிட்டின் நகல், இரண்டு கோளாறு எண்களின் படம், அழுத்த மீட்டரின் படம், பிளக் இடைவெளியை அளந்த படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். பழைய கன்வெர்ட்டரும் 4 பிளக்குகளும் என் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்க்கலாம், படமும் எடுக்கலாம். எடுத்துச் செல்ல மட்டும் கொடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட்.