நிழல் மரம் வாங்கும்போது வேரைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வளைகுடா நாடுகளில் குடியிருக்கும் நம்மவர்கள் வீட்டு வாசலில் என்னென்ன மரம் வைக்கலாம் என்று எட்டு மரங்களைப் படத்தோடு போட்டிருந்தீர்கள். நல்ல விஷயம்தான். எங்கள் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே இருக்கிறார். ஆனால் அந்தப் பட்டியலில் இரண்டு இடம் இடிக்கிறது. 'தண்ணீரே தேவைப்படாத மரங்கள்' என்று தலைப்புக் கொடுத்தது ஒன்று. வேலி ஓரத்துக்கு கோனோகார்பஸ் வைக்கலாம் என்று எழுதியது இன்னொன்று.

நான் ஐக்கிய அரபு அமீரகத்தில், அல் ஐன் நகரத்தில் ஒரு தோட்டப் பராமரிப்பு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். இப்போது வீட்டுக் கொல்லையில் சின்னதாக நர்சரி வைத்திருக்கிறேன். வியாபாரத்துக்காக இதை எழுதவில்லை. என்னிடம் விற்பதெல்லாம் தென்னங்கன்றும் முருங்கைப் போத்தும்தான்.

தண்ணீரே வேண்டாத மரம் என்று உலகத்தில் எதுவும் இல்லை. வேர் இறங்குகிற வரைக்கும் எல்லா மரத்துக்கும் தண்ணீர் வேண்டும். அல் ஐனில் சராசரியாக ஒரு வருஷத்து மழை 100 மில்லிமீட்டரைத் தொடாது. ஜூலையில் வெயில் 45 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அங்கே வறட்சி தாங்கும் என்று பெயர் வாங்கின மரமும் முதல் இரண்டு கோடை நாம் கொடுக்கிற தண்ணீரில்தான் நிற்கும். அப்புறம்தான் அதன் குணம் தெரியும். ஆகவே மரம் வாங்கப் போகிறவர் நர்சரிக்காரரிடம் பூ என்ன நிறம், எத்தனை வருஷத்தில் நிழல் வரும் என்பதைப் பிற்பாடு கேட்கட்டும். இதன் வேர் எங்கே போகும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அந்த ஊரில் காஃப் என்று ஒரு மரம். மணல்மேட்டில் தன்னந்தனியாகப் பச்சையாக நிற்கும். அமீரகத்தின் தேசிய மரம் அது. 2019-ஐ சகிப்புத்தன்மை ஆண்டு என்று அறிவித்தபோது அந்த மரத்தையே சின்னமாக வைத்தார்கள். அது வேறொன்றுமில்லை, நம்முடைய வன்னி. விருத்தாசலத்திலும் கும்பகோணம் கும்பேஸ்வரர் கோயிலிலும் தலமரமாக நிற்கிற அதே வன்னி. ராஜஸ்தானில் கேஜ்ரி என்பார்கள். அங்கே அது மாநில மரம், பிஞ்சுக் காயை வற்றல் போட்டுக் குழம்பு வைக்கிறார்கள். 1730-ல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் இந்த மரத்தை வெட்ட வந்தபோது பிஷ்னோய் மக்கள் 363 பேர் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உயிர் விட்டதாக வரலாறு. இவ்வளவு பெருமை இருந்தும் உங்கள் எட்டில் வன்னி இல்லை. முள் இருக்கிறது, பூ பார்வைக்கு எடுக்காது என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

வன்னி விதையைப் பையில் போட்டுப் பாருங்கள். மேலே கன்று ஒரு சாண் வருவதற்குள் கீழே வேர் முழ நீளம் போய்விடும். சாதாரண நர்சரிப் பையில் அது அடியில் முட்டி, திரும்பி, சுருண்டு கொள்ளும். அப்படிச் சுருண்ட கன்றை வாங்கி நட்டால் எத்தனை வருஷம் ஆனாலும் தேறாது. அதனால் அல் ஐனில் நாங்கள் காஃப் கன்றுக்கு உயரமான பைதான் கேட்டு வாங்குவோம். பையைக் கிழித்ததும் வேர் நேராகத் தொங்க வேண்டும். சுற்றிச் சுற்றி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஓட்டி வந்த பாகிஸ்தானி டிரைவர் திட்டுவார், சரி என்று கேட்டுக்கொள்வேன்.

சரியாக ஊன்றிய வன்னியின் வேர் 30 மீட்டர் வரைகூட இறங்கும். அதனால்தான் கோடையில் மற்ற மரம் இலை கருகும்போது அது துளிர் விடுகிறது.

தண்ணீர் விடுகிற விதத்தையும் சொல்ல வேண்டும், கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லை. சொட்டுநீர்க் குழாயைத் தண்டுக்கு ஒட்டி வைத்து, தினமும் பத்து நிமிஷம் திறந்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கன்று சின்னதாக இருக்கும்போது அது சரி. மரம் வளர வளர டிரிப்பரை, அதாவது சொட்டு விழுகிற முனையை, வெளியே தள்ளிக்கொண்டே போக வேண்டும், கிளை எதுவரைக்கும் விரிகிறதோ அதுவரைக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடாமல், சில நாள் விட்டு ஒரே நாளில் ஆழ நனைகிற மாதிரி விட வேண்டும். இல்லையென்றால் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போக வேண்டிய அவசியமே இல்லாமல் மேலேயே பரவிவிடும். ஒரு வில்லாவில் இப்படி வளர்ந்த மரம், ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தண்டு, ஷமால் என்கிற வடமேற்குக் காற்றில் சாய்ந்தது. போய்ப் பார்த்தால் வேர்முழுக்கப் பூந்தொட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரே உருண்டை. வைத்த நாளிலிருந்து அந்த டிரிப்பர் இடம் மாறவே இல்லை.

என் தங்கை மகன் அமெரிக்காவில் அரிசோனாவில் இருக்கிறான். அதுவும் பாலைவனம்தான். அங்கேயும் இதே கதைதான் என்கிறான். தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மெஸ்கீட் மரங்கள் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, தலை பெருத்து, கோடைப் புயலில் வேரோடு விழுவது அங்கே வாடிக்கை. அந்த மாநிலத்தின் மரம் பாலோ வெர்டே. தண்டே பச்சை. தண்ணீர் இல்லையென்றால் இலையைக் கொட்டிவிட்டுத் தண்டாலேயே சாப்பாடு தயாரித்துக்கொள்ளும். வசந்தத்தில் மரம் முழுக்க மஞ்சள். 'மாமா, உங்க கொல்லைக்கு விதை அனுப்பட்டுமா' என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மெஸ்கீட் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, இங்கே சீமைக்கருவேலம் என்ற பெயரில் என்ன பாடுபடுத்துகிறது என்று தெரியாதா! அதை அகற்றச் சொல்லி மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2017-ல் உத்தரவே போட்டது. நம்ம வன்னிக்கும் அது நெருங்கிய உறவுதான். பிறந்த மண்ணில் அது வேலைக்காரன், வந்த இடத்தில் ஆக்கிரமிப்பாளன்.

இப்போது கோனோகார்பஸ். சோமாலியா, ஏமன் பக்கத்து மரம். வளைகுடா முழுக்க மதில் ஓரமாக வரிசை கட்டி நிற்கும். வேகமாக வளரும், அடர்த்தியாக வரும், வெட்ட வெட்டத் தழையும். பார்க்கிறவர்களுக்கு ஆசை வரத்தான் செய்யும். எனக்கு அதன் இன்னொரு பக்கம் தெரியும். கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டதென்று ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். மேன்ஹோல் மூடியைத் தூக்கினால் உள்ளே தண்ணீரே தெரியவில்லை, வேர்தான். கைப்பிடி கைப்பிடியாக இழுத்தோம். முடிச்சு முடிச்சாக வந்தது, நுனியில் சோப்பு நுரை. மரம் நின்றதோ மதிலுக்கு அந்தப் பக்கம். இது வறட்சியைத் தாங்குவது அடுத்த வீட்டுக் குழாயை நம்பி! குஜராத் அரசு 2023-ல் இதை நடக் கூடாது என்று சொல்லிவிட்டது. தமிழ்நாடு அரசும் 2025-ல் தடை செய்துவிட்டது. இப்படிப்பட்ட மரத்தை எந்த நாட்டுக்காரருக்குப் பரிந்துரைத்தாலும் தப்புதான். அதைவிட, அந்த இணைப்பைப் படித்துவிட்டு இங்கேயே நட ஆள் இருக்கிறார்கள். எங்கள் ஊர் ஓரத்தில் ஒரு மனைப்பிரிவில் ஏற்கெனவே வரிசையாக நிற்கிறது.

வளைகுடாவில் இருக்கிறவர்கள் நிழலுக்கு வன்னி வைக்கலாம், வேம்பு வைக்கலாம். ஹஜ் போய் வந்தவர்கள் அரஃபா திடலில் ஆயிரக்கணக்கில் வேப்பமரம் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அந்த வெயிலில் அத்தனை பேருக்கு அதுதான் நிழல். இலந்தை இனத்திலும் ஒன்று அங்கே உண்டு, சித்ர் என்பார்கள். அந்தப் பூவின் தேனுக்குத் தனி விலை. பழம் விழுந்தால் தரை அழுக்காகும் என்று வீட்டுக்காரம்மா முகம் சுளித்தால் மட்டும் வேண்டாம்.

பூவுக்கு என்றால் உங்கள் பட்டியலில் குல்மோகர் முதலிடம். அழகு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் மேல்வேர், கிளை சடக்கென்று ஒடியும், பாலைவனக் காற்றுக்கு ஆகாது. அதன் உறவான வாதநாராயணனை யாரும் நினைப்பதில்லை. வெள்ளையில் பூத்து மஞ்சளாக மாறும், நீளக் கேசரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அரேபியாவிலும் தானாகவே வளர்கிற மரம். இங்கே முட்டிவலி என்றால் இலையைப் பறித்து அடையில் போடுகிறோம், வயலுக்குத் தழை உரமாகவும் வெட்டுகிறோம். வாசலில் வைத்தால் கௌரவக் குறைச்சல் என்று யார் சொன்னது?

மரத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். வீட்டுக்கு மேற்கே வையுங்கள். மதியத்துக்கு மேல் சுவரில் விழுகிற வெயில்தான் ராத்திரி வரைக்கும் உள்ளே கொதிக்கிறது. மதிலை ஒட்டி வைக்காமல் பதினைந்து அடியாவது தள்ளி வைக்க வேண்டும். அங்கே நடுகிற பருவம் அக்டோபர் கடைசியிலிருந்து. மார்ச்சில் நட்டால் வேர் பிடிப்பதற்குள் கோடை வந்துவிடும். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்றால் மண் மேலே வெள்ளையாகப் பூக்கும். அப்போது அவ்வப்போது ஒரு நாள் முழுக்கத் தண்ணீரைத் திறந்துவிட்டு உப்பைக் கீழே இறக்க வேண்டும்.

இந்தப் பட்டியலை அப்படியே டெல்டாவுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கடைமடையில் வறட்சி புதிதில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலத்தையே வறட்சி என்று அறிவித்ததை யாரும் மறக்கவில்லை. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்கிறபோதுதான் நிச்சயம். சரி, ஆனால் அல் ஐனில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கொல்லையில் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும். பாலைவன மரங்களுக்குக் கால் நனைந்தபடி நிற்கத் தெரியாது. வேம்புகூடத் தாழ்ந்த களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிப் பட்டுப்போகும். வன்னியை மேடு கட்டித்தான் வைக்க வேண்டும்.

அப்புறம் காற்று. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையேறியபோது எங்கள் தெருவில் குல்மோகரும் தூங்குமூஞ்சியும் மல்லாந்து கிடந்தன. பூவரசு கிளையை மட்டும் உதிர்த்துவிட்டு நின்றது. உடைந்த கிளைகளையே போத்தாக வெட்டி ஊன்றினோம், பாதிக்கு மேல் துளிர்த்துவிட்டது. பூவரசும் புங்கையும் உப்பையும் தாங்கும், தேங்கின தண்ணீரையும் தாங்கும், சித்திரை வெயிலையும் தாங்கும். கடற்கரைப் பக்கம் என்றால் புன்னை. உப்புக்காற்றில் இலை பளபளவென்று இருக்கும், வெள்ளைப் பூவின் வாசனை தெரு முனை வரைக்கும் வரும். மேட்டு மனை உள்ளவர்கள் சரக்கொன்றை வைத்துக்கொள்ளலாம். இவை எதற்கும் வெளிநாட்டு விதை வேண்டாம், வேலி ஓரத்திலேயே கிடக்கிறது.

ஐயா, கோனோகார்பஸ் வரியை மட்டுமாவது வருகிற ஞாயிறு இணைப்பில் திருத்திப் போடுங்கள். புரட்டாசி முடிவதற்குள் வந்தால் நல்லது. மழைக்கு முன்னால் கன்று வாங்க எல்லோரும் நர்சரிக்கு வருவது அப்போதுதான். போன வாரமே ஒருவர் உங்கள் இணைப்பைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, இந்தச் செடி இருக்கிறதா என்று கேட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருத்துறைப்பூண்டி.