கீமோ நாட்களில் எங்கள் வீட்டு வேலையைப் பங்குபோட்டுக்கொண்ட உங்களுக்கு

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கும், உறவுகளுக்கும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும்,

மார்பகப் புற்றுநோய்க்கான என் கீமோ முடிந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து வந்து சொல்ல இன்னும் தெம்பு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

"என்ன வேணும்னாலும் கேளும்மா" என்று நிறைய பேர் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் கீமோ ஏற்றும் நாளில் எது தேவை என்று யோசித்து, ஆளைப் பிடித்துக் கேட்பதே ஒரு வேலை. நீங்கள் என்னைக் கேட்கவைக்கவில்லை. ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அதற்குத்தான் இந்த மடல்.

எதிர்வீட்டு அக்கா, முதலில் உங்களுக்கு. பம்மலிலிருந்து நாங்கள் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். பல்லாவரத்தில் ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி, பேருந்து பிடித்துப் போய் டோக்கன் வாங்க வேண்டும். மகளுக்குப் பத்தாம் வகுப்பு, மகனுக்கு மூன்றாம் வகுப்பு. அந்த நாட்களில் இருவரையும் எழுப்பியதும், டிபன் கட்டியதும், பள்ளி வேன் வரும்வரை சின்னவனோடு தெருமுனையில் நின்றதும் நீங்கள். அதைவிட ஒன்றை நான் மறக்கவே மாட்டேன். கீமோ மருந்து 48 மணி நேரம் வரை சிறுநீரிலும் வியர்வையிலும் வெளியேறும், அதனால் முடிந்தால் தனிக் கழிவறை பயன்படுத்துங்கள், இருமுறை தண்ணீர் ஊற்றுங்கள், துணியைத் தனியாகத் துவையுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு கழிவறைதான். அதை எப்படியோ தெரிந்துகொண்டு, "ரெண்டு நாளைக்குப் பசங்க எங்க வீட்டுலயே குளிக்கட்டும்" என்று துண்டு, சோப்போடு அழைத்துப் போனீர்கள். இப்படி ஓர் உதவி இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றியிருக்காது.

டே கேர் வார்டு செவிலியர் அம்மா, உங்களுக்கு ஆயிரம் நோயாளிகள், என்னை நினைவிருக்குமோ என்னவோ. முதல் கட்டத்தில் எனக்குக் கொடுத்தது டாக்சோரூபிசின், நாங்களெல்லாம் 'சிவப்பு மருந்து' என்போம். நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும். அதனால் சலைன் ஓட ஓட, ஊசியைக் கையில் பிடித்தபடி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவீர்கள். "எரியுதா? இழுக்குதா? உடனே சொல்லணும், பொறுத்துக்கக் கூடாது" என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். பொறுத்துக்கொள் என்று கேட்டே வளர்ந்தவள் நான். பொறுக்காதே என்று நீங்கள் சொன்னது எனக்குப் புதிது. நரம்பு கிடைக்காத அன்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் காத்திருந்தீர்களே தவிர, அவசரமாகக் குத்திப் பார்க்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த விழுப்புரத்துச் சகோதரிக்கும் நன்றி. "நாளைக்குச் சிறுநீர் சிவப்பாப் போகும், ரத்தம்னு பயந்துடாத, மருந்தோட நிறம்தான்" என்று முன்கூட்டியே சொல்லாமல் விட்டிருந்தால் அன்றிரவு வீட்டையே கூட்டியிருப்பேன். வாந்தி வராமல் இருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டால் தூக்கம் வராது என்பதையும் அவர்தான் சொன்னார். விடிய விடிய விழித்திருந்தபோது, இது மருந்தின் வேலைதான் என்று தெரிந்திருந்தது எவ்வளவு நிம்மதி!

காப்பீட்டு கவுண்டரில் இருந்த தம்பிக்கு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம் என்பது எங்களுக்குக் காதில் விழுந்த செய்திதான். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் என் கணவருக்கு, எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தீர்கள். அந்தத் தாள் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது.

சின்னவனின் வகுப்பாசிரியை அவர்களே, கீமோ முடிந்து ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போய்விடும், 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே இரவென்றும் பாராமல் கிளம்பி வா என்பது மருத்துவரின் உத்தரவு. அப்படிப்பட்ட ஒரு வாரத்தில், "வகுப்பில் ஒரு பையனுக்கு அம்மை போட்டிருக்கு, உங்களுக்கு ஆகாதேன்னு சொல்றேன்" என்று அன்று மாலையே போன் செய்தீர்கள். எத்தனையோ பிள்ளைகளுக்கு நடுவே என் உடம்பையும் ஞாபகம் வைத்திருந்தீர்களே டீச்சர். உடனே வந்து பையனைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போய், தன் பிள்ளைகளோடு வைத்துக்கொண்ட என் நாத்தனாருக்கும் அதே நன்றி. அவளுக்கும் சின்னப் பிள்ளைகள் உண்டு.

மருந்துக்கடை அண்ணன், வெள்ளை அணுக்களை ஏற்றும் ஊசியைக் கீமோ முடிந்து ஒரு நாள் கழித்துத்தான் போட வேண்டும், அதுவரை குளிர்ச்சி குறையாமல் வைத்திருக்க வேண்டும். எங்கள் ஃப்ரிட்ஜ் பழுதாகிக் கிடந்தது. உங்கள் கடையிலேயே வைத்திருந்து, நேரத்துக்கு ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து தந்தீர்கள். அடுத்த தெருவில் இருக்கும், பணி ஓய்வு பெற்ற சிஸ்டர் அம்மா மாடிப்படி ஏறிவந்து போட்டுவிட்டார். காசு வாங்கவில்லை. வெயிலில் வந்தவர் ஒரு டம்ளர் மோர் மட்டும் குடித்தார்.

நான் பார்த்தே இராத இருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரத்தோடு முட்டி மோதி, 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியதுதான் இந்த அடையாறு மருத்துவமனை. பிறகு அதை வழிநடத்திய டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் மறையும்வரை, மருத்துவமனையே வீடாக அங்கேயே வாழ்ந்தார். என்னைப் போன்ற குடும்பங்கள் கடன்படாமல் வைத்தியம் பார்க்க முடிவது இவர்களால்தான்.

அத்தை, வீட்டுக்குள்ளேயே நன்றி எதற்கு என்பீர்கள். வாயெல்லாம் இரும்பைச் சப்பியதுபோல் கசந்து, தாளிக்கிற வாசனைக்கே குமட்டிய நாட்களில், மூட்டு வலியோடு அடுப்பைப் பின்கட்டுக்கு மாற்றியவர் நீங்கள். கொதிக்கவைத்த தண்ணீர், தோல் சீவிய பழம், குழைந்த சோறு. ஒரு முறைகூட "இன்னைக்காவது சாப்பிடேன்" என்று அழுத்தவில்லை. தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள், அவ்வளவுதான். முடி கொட்டியபோது உறவில் ஒருவர் வந்து அழத் தொடங்கியதும், "அழணும்னா வெளியில போய் அழு, பிள்ளைங்க வர்ற நேரம்" என்றீர்கள். அன்றைக்கு அது எனக்குப் பெரிய தைரியம்.

என் கணவருக்கும் மகளுக்கும் சொல்ல வேண்டியதைத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன். இங்கே எழுதினால் இருவரும் கூச்சப்படுவார்கள்.

அடுத்து கதிர்வீச்சு சிகிச்சை. வாரத்தில் ஐந்து நாள், சில வாரங்களுக்குத் தினமும் போய்வர வேண்டும். அக்கா, சின்னவனை வேனில் ஏற்றும் பொறுப்பு இன்னும் கொஞ்ச நாள் உங்களிடமே இருக்கட்டும். டிபனை மட்டும் திங்கட்கிழமையிலிருந்து நானே கட்டுகிறேன், கீமோவால் கை மரத்துப்போவது இப்போது பரவாயில்லை. வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மாடிவீட்டுக்காரி