முதல் ரலிக் காரைப் பற்றி மகளுக்கு

மாங்குளம்.

அன்புள்ள மகளுக்கு,

ரலி என்ற காரோட்டப் போட்டிக்கு முதல் காராக எதை வாங்கலாம் என்று கேட்டு, இங்கிலாந்தில் இருந்து நீ அனுப்பிய நான்கு கார்களின் படங்களையும் தம்பி தன் போனில் பெரிதாக்கிக் காட்டினான். நிசான் மைக்ராவின் விலையைப் பார்த்தபோது, அவசரத்தில் ஒரு பூச்சியத்தை விட்டுவிட்டாயாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. இடையில் பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றத்தில், நாங்கள் இங்கே நிசான் மார்ச் என்ற பெயரில் சொல்லும் அதே மைக்ராவை வைத்திருப்பவர்கள் அதில் ஒரு கீறல் விழுந்தாலும் இராச்சாப்பாட்டை மறந்துவிடுகிறார்கள். இப்படியொரு நாட்டில் இருந்துகொண்டு, கல்லிலும் சேற்றிலும் அடிபடுவதற்கென்றே ஒரு காரைத் தெரிவு செய்வது எப்படி என்று உனக்கு எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனாலும் முப்பத்தைந்து வருடமாகக் கிரவல் ரோட்டால் வந்த வாகனங்களுக்குக் கீழே படுத்தெழும்பியவன் என்பதால், உன் கூட்டாளிகளுக்குத் தெரியாத ஒன்றிரண்டு விடயங்கள் எனக்குத் தெரிந்திருக்கக்கூடும்.

அம்மாவுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை என்பதை மறைக்கமாட்டேன். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த விளையாட்டு என்று அவள் கேட்டபோது, 1982 ஆம் ஆண்டு அவுடி குவாற்றோ காரில் போர்த்துக்கல், கிரேக்கம், பிரேசில் ஆகிய மூன்று நாட்டு ரலிகளை வென்று உலகப் போட்டியில் இரண்டாவதாக வந்த மிஷேல் மூட்டோனைப் பற்றித் தம்பி எடுத்துச் சொன்னான். அவருடைய தகப்பன் மகளுக்கு ஒரு காரை வாங்கிக் கொடுத்து, ஒரு வருடத்துக்குள் திறமையைக் காட்டு பார்ப்போம் என்றாராம். அதைக் கேட்டபின் அம்மா கொஞ்சம் அமைதியாகிவிட்டாள். கார் வாங்கித் தர எனக்கு வசதியில்லை. கடிதம் எழுதத்தான் முடியும்.

முதலில் அந்த நீல நிறச் சுபாருவை மறந்துவிடு. படத்தில் அதுதான் வடிவாக இருக்கிறது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். 1995 இல் கொலின் மக்ரே உலகக் கிண்ணத்தை வென்றது அந்த இம்பிரீசாவில்தான் என்பதும் தெரியும். ஆனால் நான்கு சில்லும் இழுக்கும் காரில், இரண்டு சில்லு இழுக்கும் காரில் இல்லாத டிபரென்சியல்களும் அச்சுகளும் இருக்கின்றன, டேர்போ வேறு. இவையெல்லாம் ஒருநாள் தேய்ந்து உன் சம்பளத்தைத்தான் கேட்கப் போகின்றன. அதைவிட, பலமான எஞ்சின் பழகுநரின் பிழையை மறைத்துவிடும். வளைவுக்குள் பிழையான வேகத்தில் நுழைந்துவிட்டு, மிதித்தவுடன் அது உன்னை வெளியே இழுத்துவிட்டால், பிழை விட்டதே உனக்குத் தெரியாமல் போய்விடும். ஆயிரம் சிசிக் கார் அப்படி இரக்கம் காட்டாது. இழந்த வேகத்தைத் திரும்ப எடுக்க அடுத்த வளைவுவரை ஊர்ந்து போக வேண்டும், அதனால் இழக்காமல் ஓடப் பழகிக்கொள்வாய்.

சின்ன எஞ்சினைப் பற்றி நான் இப்படி எழுதுவதற்கு எங்கள் ஒஸ்ரின் ஏ40 ஒரு காரணம். அது நீ இப்போது இருக்கும் கொவென்றியில் இருந்து அதிக தூரமில்லாத லோங்பிரிட்ஜில் ஐம்பதுகளில் செய்யப்பட்ட கார். 1200 சிசி, கியர் ஸ்ரியரிங் தண்டில் இருந்தது. தொண்ணூறுகளில் வன்னிக்குள் பெற்றோல் வராத காலத்தில், காபரேற்றருக்குள் ஒரு போத்தல் மூடியளவு பெற்றோல் விட்டு ஸ்ராற் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்த எஞ்சினின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருளும் காற்றும் எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற கணக்கு, ஏழுக்குச் சற்று மேலே மட்டும் இருந்ததால்தான் அது மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டது. இன்றைய எஞ்சின்களில் அது பத்தை அண்டி இருப்பதால், மண்ணெண்ணெயில் தட்டுச் சத்தம் போட்டே செத்துவிடும். அந்தக் காலத்தில் என் மூக்கு ஒரு பாடம் படித்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைந்திருப்பதற்குப் பதிலாகக் கூடியிருக்கும், விரலில் தொட்டால் தண்ணீர் போல ஓடும், மணம் காட்டிக் கொடுத்துவிடும். ஆகையால் எந்தக் காரைப் பார்க்கப் போனாலும், டிப்ஸ்ரிக்கைத் துடைக்குமுன் ஒருதடவை மணந்து பார். பெற்றோல் மணம் அடித்தால் அந்த எஞ்சினுக்குள் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று வைத்துக்கொள். ஒயில் மூடியின் உட்புறம் தடித்த மோர் போல ஏதும் ஒட்டியிருந்தால், கார் கடைக்குப் போய்வருவதற்கு மட்டும் ஓடியிருக்கலாம், அல்லது எஞ்சின் தலையின் கீழே தண்ணீரும் ஒயிலும் கலக்காமல் அடைக்கும் கஸ்கற் போயிருக்கலாம். றேடியேற்றர் தண்ணீரிலும் ஒயில் படிந்திருந்தால் மேற்கொண்டு பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடு. நீ போவதற்கு முன்னர் எஞ்சினை இயக்க வேண்டாம் என்று விற்பவருக்குச் சொல்லிவை, போனதும் பொனற்றில் உள்ளங்கையை வைத்துப் பார். குளிர்ந்த எஞ்சின் ஸ்ராற் ஆகும் விதத்தில்தான் அதன் வயது தெரியும்.

அந்த ஏ40ஐப் பற்றி இன்னுமொன்று சொல்ல வேண்டும். 2009 இல் போரின் கடைசி மாதங்களில் இரணைப்பாலைக்கு அப்பால் அதை விட்டுவிட்டு நடக்க வேண்டி வந்தபோது, நான் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நீயும் தம்பியும் வீதிக்கரையில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ரலிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நீ சொல்லலாம். ஆனால் ஒரு வளைவில் கார் பள்ளத்துக்குள் இறங்கிக் கிடக்கும்போது, அதைத் திரும்பிப் பாராமல், பக்கத்தில் இருந்து வழி சொல்லும் கூட்டாளியை இறக்கிக்கொண்டு விலகி வரக்கூடிய காராக உன் முதல் கார் இருக்க வேண்டும். கடன்பட்டு வாங்கிய காரை அப்படி விட்டுவர மனம் வராது.

இனி எந்த ரலிக்கு என்ற கேள்வி. நீ விளக்கி எழுதியிருந்ததன்படி பார்த்தால், உன் கழகம் நடத்தும், பன்னிரண்டு கார்வரை மட்டும் சேரும் ‘பன்னிரண்டு கார் ரலி’ இரவில் பொதுவீதியில் வரைபடத்தைப் பார்த்து ஓடுவது. சராசரி வேகம் மணிக்கு 30 மைலுக்கு மேல் போகாது. டார்கா ரலி பழைய விமானத்தளங்களிலும் பண்ணைப் பாதைகளிலும் கூம்புகளைச் சுற்றி ஓடுவது. இரண்டுக்கும், கார் உருண்டாலும் உள்ளே இருப்பவரைக் காக்கும் இரும்புக் கூண்டான றோல் கேஜ் தேவையில்லை, வீதியில் ஓடத் தகுதியுள்ள சாதாரண கார் போதும், ஆரம்ப நிலை அனுமதிப்பத்திரமும் இலவசம். அப்படியென்றால் முதல் இரண்டு வருடங்களை இவற்றிலேயே கழித்துவிடு. உன் காப்புறுதிக்காரருக்கு ரலி ஓடப்போவதை முன்கூட்டியே சொல்ல மறக்காதே. சாதாரண காப்புறுதி போட்டியை ஏற்காது.

இந்தக் கணக்கில் மைக்ராதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 1992 இல் வெளிவந்து அடுத்த வருடம் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதை வாங்கிய அந்த உருண்டை மைக்ராவின் எஞ்சினை நான் பலதடவை கழற்றிப் பூட்டியிருக்கிறேன். எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் ரைமிங் பெல்ற் இல்லாமல் செயினில் ஓடுவதால், பெல்ற் எப்போது மாற்றியது என்று விற்பவரின் வாயைப் பார்க்க வேண்டியதில்லை. ஆயிரம் சிசியை விட ஆயிரத்து முந்நூறு சிசி கிடைத்தால் நல்லது. 75 குதிரைவலு, 1400 சிசிக்கு உட்பட்ட வகுப்பிலேயே நிற்கலாம். அதன் 13 அங்குல இரும்பு றிம் கல்லில் அடிபட்டு நெளிந்தால் சுத்தியலால் தட்டியெடுத்து வீடு வந்து சேரலாம். அலுமினிய றிம் என்றால் வெடித்துவிடும்.

பேஜோ 106 உம் சித்ரோன் சக்ஸோவும் வளைவில் மைக்ராவை விடச் சுறுசுறுப்பானவை என்று உன் கூட்டாளி சொல்வது சரிதான். ஆனால் அவற்றின் பின் அச்சுக்குள் இருக்கும் ஊசி பெயறிங்குகளுக்குத் தண்ணீர் இறங்கினால் உள்ளே கிடந்து அரைபட்டுப் போகும். காரின் பின்னால் பத்து அடி தள்ளிக் குந்தியிருந்து பார். பின் சில்லுகள் இரண்டும் மேற்பக்கம் உள்ளே சரிந்து, காலை அகட்டி நிற்கும் ஆட்டுக்குட்டி போலத் தெரிந்தால் அந்த அச்சு முடிந்துவிட்டது. நேராக நின்றால் தாராளமாக வாங்கலாம். மஸ்டா எம்எக்ஸ்5 ஐப் பற்றிக் கேட்டிருந்தாய். பின் சில்லு இழுக்கும் காரில் பழகுவது ஆனந்தமானது, ஆனால் அதன் அடிப்பாகத்தை நம்புவதற்கு முன் நீ ஸ்குறூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டும்.

கறள் விடயத்தில் உன் இங்கிலாந்தும் எங்கள் முல்லைத்தீவும் ஒன்றுதான். அங்கே மாரிகாலத்தில் பனி உருக வீதியில் உப்புப் போடுகிறார்கள். இங்கே கரையில் இருந்து மீன் ஏற்றிவரும் லொறிகளில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் இரவு முழுக்கச் சொட்டுகிறது. அப்படியொரு லொறி போன மாதம் வந்தது. மேலே புதுப் பெயின்ற் பளபளத்தது. நான் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியை ஸ்குறூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். முன்பக்கத்தில் டங்கென்று ஒலித்தது, பின் சில்லுக்கு ஒரு சாண் முன்னால் சத்தம் அமுங்கிப் போனது. முனையைத் திருப்பி அழுத்தியதும் தேநீரில் தோய்த்த விசுக்கோத்துக்குள் போவதுபோல் கைபிடி வரைக்கும் இறங்கிவிட்டது. நீயும் அப்படியே தட்டிப் பார்: ஜாக்கி வைக்கும் இடம், முன் சொக்கப்சோபரின் மேல்முனை பூட்டியிருக்கும் இடம், பின் ஆசனத்தின் கீழே பெல்ற் பிடித்திருக்கும் இடம். எஞ்சினை மாற்றலாம், கியர்பெட்டியை மாற்றலாம். உக்கிய உடம்புக்குப் பின்னாளில் றோல் கேஜ் ஒட்டினால் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

அடியில் ஒரு காப்புத்தகடு கட்டாயம் போடு. ஆனால் அதைச் செய்விக்கும்போது என் முட்டாள்தனத்தை நினைவில் வைத்துக்கொள். 2003 இல் ஏ9 வீதி திறந்திருந்த காலத்தில், கிடங்கும் குழியுமான ரோட்டில் எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் சம்பை உடைத்துக்கொண்டு வரும் வான்கள் நாளுக்கொன்றாவது வரும். ஒருவருக்கு நான் தடித்த இரும்புத் தகடொன்றை வெட்டி நேரே சட்டத்தோடு வெல்டிங் செய்து கொடுத்தேன். நல்ல வேலை என்று நானே மெச்சிக்கொண்டேன். ஒயில் மாற்ற அவர் திரும்பி வந்தபோதுதான், வடிக்கும் நட்டுக்கு நேரே துளை விடவில்லை என்பது தெரிந்தது. வெட்டிக் கழற்றியபோது தகட்டுக்கும் சம்புக்கும் இடையில் செம்மண் செங்கல்லாகவே காய்ந்து, ஒயில் ஆறுவதற்குக் காற்றில்லாமல் அடைத்துக் கிடந்தது. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். உன் தகடு அலுமினியமாக, போல்ற்றில் கழற்றக்கூடியதாக, துளைகளோடு இருக்கட்டும். ஒவ்வொரு ரலி முடிந்ததும் கழற்றிக் கழுவு.

இரண்டு வருடம் கழித்தும் ஆசை குறையாமல், மூடிய பாதையில் நேரத்துக்கு ஓடும் ரலிக்குப் போக நினைத்தால், அப்போது மைக்ராவை அதற்கு மாற்றியமைக்க வெளிக்கிடாதே. றோல் கேஜ், ஆசனங்கள், பெல்ற்றுகள், தீயணைப்பான், கழுத்தைக் காக்கும் பட்டை என்று தனித்தனியாக வாங்கினால், யாரோ ஒருவர் எல்லாம் பூட்டி ஓடிவிட்டு விற்கும் முழுக் காரின் விலையைத் தாண்டிவிடும்; செய்துமுடித்த ரலிக் காரை விற்பவருக்கு அவர் போட்ட காசு ஒருநாளும் திரும்பி வராது, அது வாங்குபவருக்கு லாபம். ஆனால் ஆசனத்திலும் பெல்ற்றிலும் தைத்திருக்கும் திகதியைப் பார்த்து வாங்கு, காலம் முடிந்திருந்தால் பரிசோதகர் உன்னை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். பாகங்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கிவைத்து, முடிக்க நேரமில்லாததால் விற்கிறேன் என்று சொல்பவரிடம் மட்டும் போகாதே. அப்படி மற்றவர்கள் தொடங்கிய இரண்டு ஜீப் என் கராஜின் பின்வளவில் நிற்கின்றன. ஒன்றுக்குள் கோழி அடைகிடக்கிறது.

நீ சேர்த்து வைத்திருக்கும் 2500 பவுணில் காருக்கு 900 ஐத் தாண்டாதே. நல்ல ரயர் நான்கு, காப்புத்தகடு, புதிய பிறேக் பாட், பிறேக் ஒயில், நல்ல ஹெல்மெற் இவ்வளவுக்கும் ஒரு பங்கை ஒதுக்கு. மிச்சத்தைத் தொடாமல் வை. முதல் ரலியில் ஏதாவது உடையும், உடைந்ததைச் செய்து அடுத்த மாதமே திரும்ப ஓடினால்தான் பழக்கம் வரும்.

சனிக்கிழமை அந்த வெள்ளை மைக்ராவைப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். ஜாக்கி வைக்கும் நான்கு இடங்களையும் ரோர்ச் வெளிச்சத்தில் படம் எடுத்து, காசு கொடுக்குமுன் எனக்கு அனுப்பு. குளிர்ந்த எஞ்சின் ஸ்ராற் ஆகும் சத்தத்தையும் பதிவு செய்து அனுப்பு. இங்கே பின்னேரமாக இருக்கும், கராஜைப் பூட்டாமல் தம்பியையும் போனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பேன். ஹெல்மெற்றை முதலில் வாங்கு என்று எழுதச் சொல்லி அம்மா நிற்கிறாள்.

அன்புடன்,
அப்பா