ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிடக் கூடாது இணையம்

ஐயா,

பொறியியல் கலந்தாய்வில் விருப்பக் கல்லூரிகளை இணையத்தில் பதிவு செய்யச் சில நாட்கள்தான் அவகாசம். பெட்டமுகிலாளம் மலையிலிருக்கும் என் அக்கா மகள் அதற்காக இரண்டு நாள் பஸ் ஏறித் தேன்கனிக்கோட்டைக்கு வந்து போனாள். அதே நாட்களில் அவள் அப்பாவுக்கு ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை, சிக்னல் இல்லையாம். இரண்டு நாள் கூலியும் போயிற்று.

2011-ல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய மத்திய அரசின் இணையத் திட்டத்தின் முதல் இலக்கு, கிராம ஊராட்சிவரை கண்ணாடி இழை கேபிள். தமிழகத்தில் சுமார் 12,500 ஊராட்சிகள். சமவெளிக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். மலையில் ஓர் ஊராட்சி என்பது காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் பல குக்கிராமங்கள். ஊராட்சி அலுவலகச் சுவரில் இணையப் பெட்டி மாட்டியதும் 'இணைப்பு தரப்பட்டது' என்று எழுதினால், ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளியிருப்பவர்களுக்கு என்ன கிடைக்கும்?

காப்புக்காட்டில் பள்ளம் தோண்ட வனத்துறை அனுமதி வேண்டும், அது தாமதமாகும். ஏற்கெனவே மின்கம்பங்கள் போயிருக்கும் குக்கிராமங்களுக்கு அவற்றின் வழியாகவே கேபிளை நீட்டலாமே! முதலில் பள்ளி, ரேஷன் கடை, துணை சுகாதார நிலையம். கூடவே சூரிய மின்தகடும் பேட்டரியும் வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் மலையில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

அடுத்த கலந்தாய்வுக்குள் கிருஷ்ணகிரி, தருமபுரி மலைக் கிராமங்களுக்காவது இதைச் செய்து தர வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை