பதினோராம் பக்கம்

கண்ணு,

"போதும்மா, விட்டுடலாம்" என்று நேற்று போனை வைத்துவிட்டாய். அப்புறம் எனக்குத் தூக்கமே இல்லை. எழுந்து உட்கார்ந்து, உன் வேலை நீக்க வழக்கைத் தள்ளிய தொழிலாளர் நீதிமன்றத் தீர்ப்பை மூன்று தடவை படித்தேன். 28 வருடம் வக்கீல் ஆபீசில் டைப் அடித்தவள், எனக்கு வரி தாண்டிப் படிக்க வராது.

பதினோராம் பக்கத்தை எடுத்துப் பார். நீ கர்ப்பமாக இருந்தது நிர்வாகத்துக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரமே இல்லையாம். அப்படியானால் உன் தரப்பு ஐந்தாவது ஆவணம் என்ன? பேறுகால விடுப்பு கேட்டு நீ கொடுத்த விண்ணப்பத்தின் நகல். மூலையில் ஊதா மையில் 'பெறப்பட்டது' என்ற சீல், தேதி, கிறுக்கலாக ஒரு கையெழுத்து. அதைக் கொடுத்த ஒன்பதாம் நாள் உன்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்தக் காகிதத்தைப் பற்றித் தீர்ப்பில் ஒரு சொல் கிடையாது.

தொழிலாளர் நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல் சாதாரண அப்பீல் இல்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுதான் போக வேண்டும். நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று தெரியும். மறுபடி கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டியதில்லை சாமி. கீழ்க்கோர்ட்டு வழக்குக் காகிதங்களை வைத்துத்தான் வாதம். சாட்சியத்தை முதலிலிருந்து எடைபோட மாட்டார்கள். ஆனால் முக்கியமான ஆவணத்தைப் பார்க்காமலே முடிவெடுத்திருந்தால் அதில் தலையிடுவார்கள்.

நீரா மாத்தூர் என்ற பெண்ணை, தகுதிகாண் காலத்தில் கர்ப்பத்தை மறைத்தாள் என்று எல்.ஐ.சி. வேலையை விட்டு நீக்கியது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் அவள் தோற்றாள். அதோடு நிற்கவில்லை. 1991இல் உச்ச நீதிமன்றம் அவளை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னது. மாதவிடாய் விவரம் கேட்கும் கேள்விகளை, வேலையில் சேரும்போது நிரப்பும் படிவத்திலிருந்தே எடுக்கவும் சொன்னது.

ஒன்று சொல்லியாக வேண்டும். வேலை போன அன்றைக்கு, "வாயும் வயிறுமா இருக்கறவ கோர்ட்டுப் படி ஏறாதே" என்று தடுத்தவள் நான்தான். அதில் ஏழு மாதம் போனது. அது என் தப்பு. இந்தத் தடவை தடுக்க மாட்டேன்.

ஜெயித்துவிடுவோம் என்று சத்தியம் பண்ண முடியாது. ரிட்டுக்கு இத்தனை நாள் என்று கெடு இல்லாவிட்டாலும், தாமதித்தால் ஏன் என்று கேட்பார்கள். நாளைக்கே தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனு போடு. சீல் போட்ட அந்த விண்ணப்ப நகலை மடிக்காமல் கவரில் வை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பாப்பா என்னோடு இருக்கட்டும். நீ வக்கீலைப் பார்த்துவிட்டு வா.

அம்மா