காமிக்ஸ் வாசகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், பொதுக்குழுவுக்கு நேரில் வந்திருக்கும் உறுப்பினர்கள், நேரில் வராமல் "வந்தேன்னு எழுதிக்கோங்க" என்று போனில் சொன்ன உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சங்க விதிப்படி செயலாளர் ஆண்டறிக்கை வாசிக்க வேண்டும். வாசிக்கிறேன். கொஞ்சம் நீளம் என்று தலைவர் முன்கூட்டியே பார்த்துவிட்டுச் சொன்னார். ஏன் நீண்டது என்பது போகப் போகத் தெரியும்.

மாதாந்திரக் கூட்டங்கள் வழக்கம்போல் இரண்டாம் ஞாயிறுகளில் நடந்தன. நவம்பர் கூட்டம் மழையால் தள்ளிப்போனது. கோரம் இல்லாமல் கலைந்த கூட்டங்களை நடந்ததாகக் கணக்கில் சேர்க்கவில்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு வேனில் போய் வந்தோம். பள்ளி மாணவர்களுக்கான இரும்புக்கை மாயாவி வினாடி வினா நன்றாக நடந்தது. நூலக அலமாரிக்குக் கரையான் மருந்து அடிக்கப்பட்டது. சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆகஸ்டில் காலமானார். எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். அவருடைய சேகரிப்பில் இருந்த பழைய முத்து காமிக்ஸ் இதழ்களைக் குடும்பத்தார் நமக்கே கொடுத்தார்கள். அவர்களுக்கு நன்றி.

இனி, இந்த ஆண்டின் முக்கியமான நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "எப்பப் பார்த்தாலும் மாயாவி, ஸ்பைடர்னே பேசிட்டிருக்கோம். புதுசா ஏதாவது செய்யுங்க" என்றார். அதைக் குறிப்பேட்டில் எழுதியவள் நான். செய்தவளும் நான். பிறகு "இதை யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?" என்று கேட்டவர் மட்டும் அதே உறுப்பினர்தான்.

நான் எடுத்துக்கொண்ட பொருள், அமெரிக்காவின் முதல் சூப்பர் ஹீரோ குழுவான ஜஸ்டிஸ் சொசைட்டியும் அதை எதிர்த்துக் கிளம்பிய இன்ஜஸ்டிஸ் சொசைட்டியும். தொடர் உரைகள், கூடவே வாசக அறைச் சுவர் முழுக்க ஒரு படக் கண்காட்சி. கண்காட்சியைப் பார்க்க வந்தவர்களில் உறுப்பினர்களைவிட உறுப்பினர் அல்லாதவர்களே அதிகம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. எண்பதுகளில் லயன் காமிக்ஸில் நாமெல்லாம் முண்டியடித்து வாங்கிப் படித்த பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகன் ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல) கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். ஜஸ்டிஸ் சொசைட்டியின் முதல் கூட்டத்தில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஸ்பெக்டரும் உண்டு. அந்தப் பாத்திரத்தை உருவாக்கியவர்களிலும் சீகல் ஒருவர். இதைச் சொன்ன பிறகு செயற்குழுவில் யாரும் பேசவில்லை. ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டேன்.

உரைக்கு வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1940-ன் குளிர்காலத்தில் 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' மூன்றாம் இதழில் ஃபிளாஷ், கிரீன் லேன்டர்ன், ஹாக்மேன், ஆட்டம், சாண்ட்மேன், டாக்டர் ஃபேட், ஸ்பெக்டர், ஹவர்மேன் என்ற எட்டுப் பேர் விருந்துக்குக் கூடினார்கள். கூப்பிடாமல் வந்து சேர்ந்தவர் ஜானி தண்டர். விலை 10 சென்ட். எழுதியவர் கார்ட்னர் ஃபாக்ஸ், சட்டம் படித்தவர். முதல் கூட்டத்தில் சண்டையே கிடையாது. சாப்பிட்டுக்கொண்டே ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியது அடுத்த இதழில்தான். வேறு வேறு பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த வீரர்களை ஒரே புத்தகத்தில் காட்டி விற்பனையைக் கூட்டுவதுதான் பதிப்பாளர்களின் எண்ணம். கதையின் அமைப்பும் அதற்கேற்ப இருக்கும். முதலில் எல்லோரும் மேஜையைச் சுற்றிக் கூட்டம், பிறகு ஆளுக்கொரு தனி அத்தியாயம், கடைசியில் மறுபடியும் ஒன்றுசேர்ந்து எதிரியை மடக்குவது.

அந்தச் சங்கத்துக்கும் விதிகள் இருந்தன. தனக்கென்று தனிப் பத்திரிகை கிடைத்த வீரர் கௌரவ உறுப்பினராகி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அப்படித்தான் 1941-லேயே ஃபிளாஷும் அவரை அடுத்துக் கிரீன் லேன்டர்னும் வெளியேறினார்கள், பின்னால் திரும்பி வந்தார்கள். சூப்பர்மேனும் பேட்மேனும் தொடக்கத்திலிருந்தே கௌரவ உறுப்பினர்கள். பெயர் பட்டியலில் இருக்கும், ஆள் வரமாட்டார். இந்த இடத்தில் அரங்கில் சிலர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

1942-ல் வொண்டர் வுமன் இந்தச் சங்கத்தில் சேர்க்கப்பட்டார். எந்தப் பொறுப்பில் தெரியுமா? செயலாளராக. லாரியைத் தூக்கக்கூடிய பெண், எதிரிகளை மந்திரக் கயிற்றால் கட்டிப்போடக்கூடியவர். ஆண் உறுப்பினர்கள் போருக்குக் கிளம்பும்போது இவர் அலுவலகத்தில் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டும். அவரைப் படைத்த வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் உளவியல் அறிஞர். இன்னொருவர் எழுதித் தந்த வொண்டர் வுமன் பகுதியைப் பிடிக்காமல் தானே திருத்தி எழுதினார். மற்றவர்களோடு சமமாகக் களத்தில் இறங்கியதெல்லாம் பின்னால்தான். இதைச் சொல்லி நான் கொஞ்சம் நிறுத்தியபோது பின்வரிசையிலிருந்து "டீ வந்தாச்சா?" என்று ஒரு குரல் கேட்டது. அதையும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

இனி வில்லன்கள். 1947-ல், 37-ஆம் இதழில், இன்ஜஸ்டிஸ் சொசைட்டி வந்தது. விசார்ட், பிரெய்ன் வேவ், கேம்ப்ளர், பெர் டெகாடன், திங்கர், வண்டல் சாவேஜ் என்று ஆறு பேர். அதுவரை ஒரு இதழுக்கு ஒரு வில்லன் என்று வந்துகொண்டிருந்தவர்கள், நல்லவர்களைப் பார்த்துத் தாங்களும் சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஜஸ்டிஸ் சொசைட்டியிலும் அந்த இதழில் களத்தில் இருந்தவர்கள் ஆறு பேர்தான்.

நம் கண்காட்சியில் இந்த ஆறு வில்லன்களையும் உறுப்பினர் ஒருவரின் மகள், பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பெண், சார்ட் தாளில் போஸ்டர் கலரில் வரைந்து கொடுத்தாள். விசார்டின் உயரத் தொப்பிக்குக் கறுப்பு போதாமல் தொப்பியின் மேல்பாதி கருநீலமாகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் அதுதான் அழகு என்றார்கள். வண்டல் சாவேஜ் கற்காலத்திலிருந்து சாகாமல் வாழ்பவர் என்பதால் அவர் தாடியில் நரை போடலாமா வேண்டாமா என்று என்னிடம் போன் செய்து கேட்டாள். செயற்குழுவில் யாரும் என்னிடம் இவ்வளவு பொறுப்பாக எதையும் கேட்டதில்லை.

அந்த 37-ஆம் இதழில் வில்லன்கள் நீதிமன்றமே நடத்துகிறார்கள். பிடிபட்ட வீரர்களைக் கூண்டில் நிறுத்தி விசாரணை. நீதிபதி ஆசனத்தில் திங்கர். கடைசியில்தான் தெரிகிறது, அது திங்கர் வேடத்தில் இருக்கும் கிரீன் லேன்டர்ன். அவர் இறந்துவிட்டார் என்று வில்லன்கள் நம்பியிருந்தார்கள். உரையில் இந்த இடத்தைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த இரண்டு பையன்கள் கைதட்டினார்கள்.

நான் அதிகம் வலியுறுத்தியது வேறொன்றை. இதற்கு முந்தைய 36-ஆம் இதழில் சூப்பர்மேனும் பேட்மேனும் நேரில் வந்து முழுக் கதையிலும் பங்கெடுத்தார்கள். அந்தத் தொடரில் அவர்கள் அப்படி வந்தது அந்த ஒருமுறைதான். அடுத்த இதழிலேயே ஆறு வில்லன்கள் ஒன்றாகக் கிளம்பி வந்தபோது அவர்களைக் காணோம். இருப்பவர்களை வைத்துத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் இதழிலிருந்து 57-ஆம் இதழ்வரை ஒரு கதைகூடத் தவறாமல் வந்தவர் ஹாக்மேன் ஒருவர்தான். தலைவரும் அவரே. இறக்கை கட்டிக்கொண்டு பறப்பதைத் தவிர அவரிடம் பெரிய சக்தி ஒன்றும் கிடையாது.

1948-ல் இன்ஜஸ்டிஸ் சொசைட்டி மறுபடியும் வந்தது. விசார்ட் தலைமை, கூட ஸ்போர்ட்ஸ்மாஸ்டர், ஹன்ட்ரஸ், ஐசிக்கிள், ஃபிட்லர், ஹார்லெக்வின். அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்களை யார் சிறப்பாகத் திருடுகிறார் என்று தங்களுக்குள் போட்டி வைத்துக்கொண்டார்கள். இதில் ஹார்லெக்வினின் பகல் வேலை என்ன என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். வானொலி நிலையம் ஒன்றில் கிரீன் லேன்டர்னுக்கே, அதாவது ஆலன் ஸ்காட்டுக்கே, செயலாளர். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கடிதம் டைப் அடித்தபோது அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. முகமூடி போட்டுக்கொண்டு குற்றம் செய்ய ஆரம்பித்த பிறகுதான் பார்த்தார். கடைசியில் ஹார்லெக்வின் நல்லவர்கள் பக்கம் சாய்ந்து அவர்களைக் காப்பாற்றுகிறார். சங்கத் தலைவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

போர் முடிந்ததும் முகமூடி வீரர்கள் மீதிருந்த மோகம் குறைந்தது. 1951-ல் 57-ஆம் இதழோடு சங்கம் மூடப்பட்டது. பத்திரிகை 'ஆல் ஸ்டார் வெஸ்டர்ன்' என்று பெயர் மாறி கௌபாய் கதைகளுக்குப் போய்விட்டது. மறுபடி எப்படி உயிர்த்தது என்ற கதையில்தான் நமக்கு வேலை இருக்கிறது. ஜெர்ரி பெய்ல்ஸ் என்ற வாசகர் ஐம்பதுகளிலேயே கார்ட்னர் ஃபாக்ஸுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். இந்த வீரர்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். 1961-ல் ராய் தாமஸோடு சேர்ந்து 'ஆல்டர் ஈகோ' என்ற ரசிகர் இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு பழைய ஃபிளாஷ் திரும்பி வந்தார். 1963-ல் வண்டல் சாவேஜ் பிடித்து அடைத்து வைத்திருந்த பழைய உறுப்பினர்கள் மீட்கப்பட்டு, ஓய்வு போதும், மறுபடி கூடுவோம் என்று முடிவு செய்கிறார்கள். அதே ஆண்டு கோடையில் புதிய தலைமுறையின் ஜஸ்டிஸ் லீகோடு சேர்ந்து வேலை. கதைப்படி பழைய சங்கம் ஒரு உலகத்தில், புதிய லீக் இன்னொரு உலகத்தில். இரண்டு உலகங்களிலிருந்தும் மூன்று மூன்று வில்லன்கள் கைகோத்து வந்தார்கள். விசார்ட், ஐசிக்கிள், ஃபிட்லர் ஒருபக்கம். குரோனோஸ், ஃபீலிக்ஸ் ஃபாஸ்ட், டாக்டர் ஆல்கெமி மறுபக்கம். அதற்குப் பிறகு 1985 வரை வருஷா வருஷம் இரண்டு சங்கங்களும் கூடின.

அடுத்து வரவு செலவு. விவரமான கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாக, வரவு செலவைவிடக் கொஞ்சம் குறைவு. செலவின் பெரும்பகுதி அறை வாடகையும் மின் கட்டணமும். கண்காட்சிக்கு ஆன செலவு சார்ட் தாள், கலர், ஜெராக்ஸ், ஒரே ஒரு ஃபிளெக்ஸ், டீ. இதற்கு மேல் யாருக்காவது சந்தேகம் இருந்தால் ரசீதுகள் என்னிடம் இருக்கின்றன. புரொஜெக்டர் என் சொந்தக்காரர் கொடுத்தது, அதற்கு வாடகை எழுதவில்லை.

சந்தா நிலுவை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1942-ல் அமெரிக்காவில் சிறுவர்களுக்காக 'ஜூனியர் ஜஸ்டிஸ் சொசைட்டி' தொடங்கப்பட்டது. தபாலில் 15 சென்ட் அனுப்பினால் உறுப்பினர் சான்றிதழ், பேட்ஜ், ரகசியக் குறியீடு எல்லாம் வீடு தேடி வரும். ஒரு காமிக்ஸின் விலையைப் போல் ஒன்றரை மடங்கு. போர்க்காலத்தில், தங்கள் கைச்செலவுக் காசிலிருந்து பிள்ளைகள் அனுப்பினார்கள். நம் ஆண்டுச் சந்தா ஒரு கெட்டி அட்டை காமிக்ஸின் விலைகூட வராது. பழைய இதழ் ஒன்றை ஏலத்தில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி, பாலிதீன் உறையில் போட்டு, பீரோவில் பூட்டி, போட்டோவை நம் வாட்ஸ்ஆப் குழுவில் போடும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் சந்தா கேட்டால் அன்றைக்கென்று ஜிபே வேலை செய்வதில்லை. மூன்று ஆண்டு நிலுவை வைத்திருப்பவர்களின் பட்டியல் என் கோப்பில் இருக்கிறது. வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. நூலகத்திலிருந்து இரவல் வாங்கிய இதழ்களும் திரும்பி வர வேண்டியிருக்கிறது, குறிப்பாக வேதாளர் தொகுதி.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: அறையை ஏற்றாத வாடகைக்குத் தரும் கட்டட உரிமையாளர், கீழ்க்கடை டீ மாஸ்டர், வினாடி வினாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஆசிரியர்கள், படம் வரைந்த பெண், தவறாமல் கூட்டத்துக்கு வரும் அந்த ஏழெட்டுப் பேர். தலைவரின் வழிகாட்டுதலுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு 1963-க்குப் பிந்தைய கதைகளை எடுத்துக்கொண்டு தொடரின் இரண்டாம் பகுதியை நடத்தலாம் என்பது என் எண்ணம். திரைச்சீலை ஒன்று வேண்டும். நாற்காலி எடுத்துப் போட இரண்டு பேர் வேண்டும், இதுவரை நானும் டீக்கடைப் பையனும்தான் போட்டோம். கௌரவ உறுப்பினர் என்ற பிரிவை நீக்கிவிட்டு, வெளியூர் போனவர்களும் சாதாரணச் சந்தாவே கட்ட வேண்டும் என்ற தீர்மானத்தைச் செயற்குழு முன் வைத்திருக்கிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் குறிப்பேடு, முத்திரை, அறைச் சாவி எல்லாவற்றையும் இன்றைக்கே ஒப்படைக்கத் தயார். விருப்பமுள்ளவர்கள் இந்தக் கூட்டம் முடிவதற்குள் பெயர் கொடுக்கலாம். போன வருஷமும் இதையே சொன்னேன், யாரும் கொடுக்கவில்லை. இந்த வருஷமும் யாரும் கொடுக்கவில்லை என்றால் தொடர்கிறேன், ஆனால் நாற்காலி விஷயத்தை முதலில் முடிவு செய்துவிட வேண்டும்.

அடுத்த கூட்டம் வரும் இரண்டாம் ஞாயிறு மாலை 4 மணிக்கு. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். டீ குடிக்கப் போகும்போது அவரைப் பார்த்துவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்