மாடிப் பாட்டி கொடுத்த சிடி

லைப்சிக், ஜெர்மனி,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். இருமல் விட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை பணம் போட்டிருக்கிறேன், வந்ததும் சொல்.

மேல்வீட்டுப் பாட்டி போன வாரம் ஒரு சிடி கொடுத்தார். நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் தினமும் அதைத்தான் போடுகிறேன். 1725இல் இதே ஊரில் இசையமைப்பாளர் பாக்கின் மனைவி அன்னா மக்டலேனாவுக்கென்று ஒரு பாட்டு நோட்டு போட்டார்கள். அட்டையில் பெயரின் முதலெழுத்துகளும் வருடமும் பொன்னெழுத்தில் இருக்கும். அந்த நோட்டிலுள்ள பாட்டுகளும், ஹார்ப்சிகார்ட் என்ற பழைய கீபோர்டு வாத்தியத்துக்கான உருப்படிகளும்தான் சிடி முழுக்க. அவர்கள் குடியிருந்த பள்ளிக்கூடக் கட்டடம் இப்போது இல்லை. பக்கத்திலிருந்த தாமஸ் சர்ச் இருக்கிறது, என் டிராம் அந்த வழியாகத்தான் போகிறது.

தம்பி கீபோர்டு கிளாஸில் முதன்முதலில் வாசித்தானே, ஜி மேஜர் மினுயட், அதுவும் இந்த நோட்டில் உள்ளதுதான். பாக் எழுதியதென்று நினைத்திருந்தோம் அல்லவா? ட்ரெஸ்டனில் ஆர்கன் வாசித்த பெட்சோல்ட் எழுதியதாம். யார் பாட்டானாலும் பிடித்துவிட்டால் நோட்டில் ஏறிவிடும், உன் பாட்டு நோட்டு மாதிரியே. நடுவில் பிள்ளைகளின் கையெழுத்துகூட இருக்கிறது.

ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு இறகுத் துண்டு கம்பியைச் சுண்டும், வீணையை மீட்டுவது போல. ஓங்கி அழுத்தினாலும் மெல்லத் தொட்டாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் ஒரு சுரம் தனித்துத் தெரிய வேண்டுமென்றால், வாசிப்பவர் அதற்கு முன்னால் துளி தாமதிக்கிறார். ஹெட்போனில் கேட்டால், விரலை எடுத்ததும் இறகு திரும்பி விழுகிற சின்ன 'டக்'கூடக் கேட்கும்.

அப்புறம் ஒரு பாட்டு, அம்மா. சோர்ந்த கண்களை மெல்ல மூடித் தூங்கச் சொல்லும் பாட்டு. 1727இல் சர்ச்சில் ஆண் குரல் பாடுவதற்காக பாக் எழுதியது. அன்னா மக்டலேனா அதைத் தன் குரலுக்கேற்ற சுருதியில் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பே அரண்மனையில் பாடியவர். பதின்மூன்று பிள்ளைகள் பெற்று ஏழு பேரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். மூத்த பெண் போனது 1726இல், மூன்று வயதில். பாட்டு ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று நிற்கிறது, பிறகு தொடர்கிறது. பிள்ளை தூங்கிவிட்டதா என்று தாலாட்டை நிறுத்திப் பார்ப்பாயே, அப்படி. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

உன் நோட்டிலிருந்து ஏதாவது பாடி, போனில் பதிவு செய்து அனுப்பு. குக்கர் விசில் நடுவில் வந்தால் வரட்டும், நிறுத்தாதே.

உன் மகள்